குப்புறப் படுக்கும் நோயாளியின் முகத்துக்கு ஒருமுறைத் தலையணை: துண்டைச் சுருட்டி வைத்தால் போதாதா?

2024 ஜூன் 8, காலை. ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் ஒருவரின் கேள்வி

முதுகுத்தண்டு அறுவைக்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும்போது முகத்தின் கீழ் வைக்க, ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் ஃபோம் தலையணை வாங்கச் சொல்கிறார்கள். ஒரு ஃபோம் கட்டியில் ஓட்டை போட்டதைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை. இத்தனை காலமாகத் துண்டைச் சுருட்டி வளையமாக்கி வைத்தோம். ஜெல் வளையமும் இருக்கிறது. இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது?

2024 ஜூன் 8, இரவு

இந்தத் தலையணைகளை வெட்டிப் பார்த்து, தியேட்டரில் வைத்துப் பார்த்து, மயக்க மருந்து நிபுணர்களிடம் திருத்தம் கேட்டு மீண்டும் வெட்டும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

விழித்திருக்கும் மனிதன் குப்புறப் படுத்தால், கன்னத்தில் வலி எடுத்ததும் தலையைத் திருப்பிக்கொள்வான். மயக்கத்தில் இருப்பவருக்கு அந்த வலியும் கிடையாது, திருப்பவும் முடியாது. ஆகவே முதல் நிமிடத்தில் எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ, அதே இடத்தில்தான் நான்கு, ஐந்து மணி நேரம் கழித்தும் விழுந்துகொண்டிருக்கும். முகத்தில் பாரம் தாங்கத் தகுந்த இடங்கள் நெற்றி, இரு கன்ன எலும்புகள், ஓரளவுக்குத் தாடை. பாரம் படவே கூடாதவை கண்கள், மூக்கு, உதடு. தாங்கும் இடங்களுக்கும் தொடக்கூடாத இடங்களுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. சுருட்டிய துண்டால் அந்த எல்லையைக் காக்க முடியாது. அது நசுங்கும்போது உள்பக்கமாகவும் பிதுங்கும். புரட்டிப் படுக்கவைத்த நேரத்தில் திறந்திருந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் திறந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒரு சிறிய கணக்கு. தலையின் எடை நாலரைக் கிலோ என்று கொண்டால், அது அழுத்தும் விசை சுமார் 44 நியூட்டன். தாங்கும் பரப்பு 60 சதுர செ.மீ. என்றால் சராசரி அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்தை எட்டுகிறது. அதே தலையை 150 சதுர செ.மீ. பரப்பில் தாங்கினால் 22 ஆகக் குறைகிறது. கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு அந்த 150 சதுர செ.மீட்டரை முகத்தில் எங்கே தேடுவது என்பதிலிருந்துதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

2024 ஜூன் 9

நேற்றைய கணக்கைப் படித்த ஒருவர், 32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பாடத்தில் படித்திருப்பதாகவும், அப்படியானால் 22 போதுமானதே என்றும் கேட்டிருக்கிறார். அவ்வளவு எளிதாக நிம்மதி அடைய முடியாது.

அந்த 32 என்ற எண் 1930-இல் லாண்டிஸ் வெளியிட்ட அளவீட்டிலிருந்து வருகிறது. விரல் நகத்தின் அடியோரத் தோலில், நுண்குழாய்களின் தமனிப் பக்க முனையில், விழித்திருந்த ஆரோக்கியமான மனிதர்களிடம் அவர் கண்ட சராசரி அது. அதை அப்படியே நெற்றி எலும்பின் மேல் இழுத்து நீட்டியிருக்கும் தோலுக்குப் பொருத்துவதற்கு ஆதாரம் போதாது. மேலும், முதுகுத்தண்டு அறுவையில் இரத்த இழப்பைக் குறைக்க இரத்த அழுத்தத்தைச் சற்றுத் தாழ்வாக வைத்திருப்பதுண்டு. அந்த வேளையில் தோல் தாங்கும் அளவும் தாழும். நான் 22 என்று சொன்னது சராசரிதான். நெற்றியின் மேடு, தாடை நுனி போன்ற இடங்களில் உச்ச அழுத்தம் அதைப் போல் பல மடங்காக இருக்கலாம். இதோடு நேரத்தையும் சேர்க்க வேண்டும். குறைந்த அழுத்தம் நெடுநேரம் நீடித்தாலும் தோல் புண்ணாகும் என்று 1976-இல் ரெஸ்விக், ரோஜர்ஸ் இருவரும் வெளியிட்ட அழுத்தம்–நேர வளைகோடு காட்டியது. ஒரு தனி எண்ணைப் பாதுகாப்பு எல்லையாகக் கொள்வது ஏன் போதாது என்பதற்கு அந்த வளைகோடே விளக்கம்.

ஆகவே சராசரியைக் கணக்கில் வைத்துக்கொண்டு, உச்சத்தைக் கையால் தேடிக் குறைப்பதே என் வழக்கம்.

2024 ஜூன் 9, இரவு

விற்பனைத் தாள்களில் 'பார்வை இழப்பைத் தடுக்கும்' என்று அச்சிடுகிறார்கள். தலையணையிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-இல் தொடங்கிய பதிவேட்டிலிருந்து, முதுகுத்தண்டு அறுவைக்குப் பின் பார்வை இழந்த 93 பேரின் விவரங்கள் 2006-இல் வெளிவந்தன. அவர்களில் 83 பேருக்குப் பார்வை நரம்புக்கு இரத்தம் போதாமல் பாதிப்பு வந்திருந்தது. 10 பேருக்கு விழித்திரையின் மையத் தமனி அடைபட்டிருந்தது. கண்கோளத்தின் மேல் நேரடி அழுத்தம் விழுவதோடு தொடர்புடையது இரண்டாவது வகை. அதைத்தான் நல்ல தலையணையும் இடைவிடாத கண் பரிசோதனையும் தடுக்க முடியும். முதல் வகை, தலையை உலோக ஊசிகளால் பிடித்து, முகத்தில் எதுவுமே படாமல் வைத்திருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. நீண்ட மயக்க நேரமும் பெரும் இரத்த இழப்பும் அதோடு சேர்த்துப் பேசப்படுபவை. தலையை இதயத்தின் மட்டத்துக்குத் தாழாமல் வைப்பதும் கழுத்தை நேராக வைப்பதும் அந்தச் சங்கத்தின் அறிவுரையில் உண்டு. அதற்குத் தலையணையின் உயரம் உதவும். அதன் பங்கு அங்கே முடிந்துவிடுகிறது.

வாங்குபவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு விற்பதே நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

2024 ஜூன் 12

எந்த ஃபோம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடையில் '32 டென்சிட்டி கொடுங்கள், 40 டென்சிட்டி கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிறோம். அந்த எண் ஒரு கனமீட்டர் ஃபோமின் எடையைக் கிலோவில் சொல்வது. எவ்வளவு பொருள் இருக்கிறது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு அது அறிகுறி. எவ்வளவு மென்மை என்பதற்கு அதில் பதில் இல்லை; ஒரே 32-இல் மிருதுவானதும் கிடைக்கும், விறைப்பானதும் கிடைக்கும். நமக்குத் தேவையானது அழுத்த விசை அளவு. 10 செ.மீ. கனமுள்ள துண்டை ஏறக்குறைய 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டால் நான்கில் ஒரு பங்கு அமுக்க எவ்வளவு விசை வேண்டும், 65 சதவீதம் அமுக்க எவ்வளவு வேண்டும் என்று சோதிப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே முகத் தலையணைக்கு முக்கியமானது. தொட்ட கணத்தில் மிருதுவாக இறங்கிக்கொடுத்து, ஆழம் போகப் போக எதிர்த்துத் தாங்கும் ஃபோமில் இந்த விகிதம் பெரிதாக இருக்கும். விகிதம் சிறிதாக இருந்தால், கையில் பிடிக்கும்போது பஞ்சாக இருந்தது தலை வைத்த பிறகு அடிவரை நசுங்கி, நெற்றி மேசையின் மேலேயே படுத்திருப்பதற்குச் சமமாகிவிடும். வாங்கும் இடத்தில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 'நல்ல மென்மை' என்று தேர்ந்தெடுப்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். கட்டை விரல் முதல் நான்கில் ஒரு பங்கைத்தான் அறியும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தத் தலையணைகளுக்கு நாம் வெட்டும் பாலியூரித்தேன் ஃபோம் அச்சில் வார்த்து வருவதில்லை. ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் வினைபுரிந்து வெளிவரும் கரியமில வாயு, பெரிய பிளாக்காக அதைப் பொங்க வைக்கிறது. அதனால் ஒரே பிளாக்கின் அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் அடர்த்தி வேறுபடும். ஒரே நாளில் ஒரே பிளாக்கிலிருந்து வெட்டிய இரண்டு தலையணைகள் வெவ்வேறாக அமுங்கினால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

2024 ஜூன் 13

நேற்றைய கடைசிப் பத்தியைப் பற்றி மேலும் யோசித்தேன். பொங்கும் திசையில் நுரையின் கண்ணறைகள் (உள்ளிருக்கும் குமிழ் அறைகள்) நீண்டுவிடுகின்றன. அந்தத் திசையில் ஃபோம் சற்று விறைப்பாகவும், குறுக்குத் திசையில் சற்று மிருதுவாகவும் இருக்கும். ஆகவே பிளாக்கை எந்தப் பக்கம் கிடத்தி வெட்டுகிறோம் என்பதையும் வரைபடத்தில் அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும். வீணாகும் ஃபோமைக் குறைப்பதற்காகப் பட்டறையில் துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டுவது இயல்பான வழக்கம். கட்டில் மெத்தைக்கு அது பிழையில்லை. முகத் தலையணைக்கு அதை அனுமதிக்கக் கூடாது.

2024 ஜூன் 15

மெமரி ஃபோம் பற்றி. முகத்தின் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதால் எனக்கும் அதன் மேல் ஆசை இருந்தது. ஆனால் அது வெப்பத்தைப் பொறுத்து மாறும் பொருள். தியேட்டரின் குளிரில் மேசைமேல் காத்திருக்கும் மெமரி ஃபோம் விறைத்திருக்கும். நோயாளியைப் புரட்டி வைத்த முதல் சில நிமிடங்களில் நெற்றியும் கன்னமும் அந்த விறைப்பின் மேல்தான் இறங்குகின்றன. பிறகு தோலின் சூட்டில் அது இளகும். இளகிய பிறகும் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதால், தொடக்கத்தில் சரிபார்த்த உயரம் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அதே உயரமாக இருப்பதில்லை. தலை தாழ்ந்தால் கண்ணும் குழியின் விளிம்பை நோக்கித் தாழ்கிறது.

ஆகவே இப்போது நான் பரிந்துரைப்பது, அடியில் விகிதம் கூடிய சாதாரண ஃபோம், தோல் படும் மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய மிருதுவான அடுக்கு. அந்த இரண்டையும் ஒட்டும் பசைதான் அடுத்த தொல்லை: உலர்ந்த பசை ஒரு கடினமான கோடாக நின்று தோலில் தடம் பதிக்கிறது. ஒட்டுக்கோடு முகம் படும் விளிம்புக்கு வரக் கூடாது. முடிந்தால் ஒரே கட்டியிலிருந்து வெட்டுவது மேல்.

2024 ஜூன் 16

செவிலியர் மீண்டும் கேட்டிருக்கிறார்: அதே தலையணை ஒருவருக்குக் கச்சிதமாக இருக்கிறது, அடுத்தவருக்குக் கழுத்தை வளைக்கிறது, ஏன்?

முகத் தலையணையின் உயரத்தை முகம் தீர்மானிப்பதில்லை. மார்பின் கீழ் வைக்கும் தாங்கிகள் தீர்மானிக்கின்றன. வயிறு தொங்கலாக இருக்க வேண்டும் என்பதற்காக மார்பையும் இடுப்பையும் மட்டும் தாங்கிகளில் வைக்கிறோம். வயிறு அமுங்கினால் பெருஞ்சிரைகளில் அழுத்தம் ஏறி, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிரைகள் நிறைந்து, அறுவை இடத்தில் இரத்தக் கசிவு கூடும். அந்தத் தாங்கிகளும் ஃபோம்தான். 50 கிலோ எடையுள்ளவர் படுத்தால் ஓரளவு அமுங்கும், 90 கிலோ எடையுள்ளவர் படுத்தால் அதைவிட வெகுவாக அமுங்கும். உடல் தாழ்ந்து முகத் தலையணை மட்டும் பழைய உயரத்தில் நின்றால் கழுத்து பின்னால் மடங்கும். உடல் உயர்ந்து நின்றால் தாடை மார்பை நோக்கி மடங்கும். அப்போது மூச்சு விட உதவ வாய்வழியே செலுத்தியிருக்கும் மூச்சுக்குழாய் டியூப் மடியும் அபாயமும் உண்டு, நாக்கு வீங்கும் அபாயமும் உண்டு.

இதற்கு ஒரே தலையணையில் தீர்வு கிடையாது என்பது என் முடிவு. முகம் படும் பகுதி ஒன்று, அதன் அடியில் செருகுவதற்கு 2.5 செ.மீ. கனமுள்ள தட்டைத் துண்டுகள் இரண்டு என்று ஒரே உறைக்குள் கொடுப்பதையே விரும்புகிறேன். அடித்துண்டு முகப்பகுதியைவிட விறைப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உயரத்துக்காக வைத்தது உயரத்தைத் தராது. முதலில் தாங்கிகளில் உடல் இறங்கி நிலைக்கட்டும், பிறகு முகத்தின் உயரத்தைச் சரிசெய்யலாம் என்ற வரிசையை உறையின் மேலேயே தமிழில் அச்சிடலாம்.

2024 ஜூன் 16, இரவு

சுருக்கமாக ஒன்று: உயரம் மாற்றும்போது தலையைத் தூக்கிப் பிடிப்பவர் ஒருவர், துண்டைச் செருகுபவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முயன்றால் டியூப் இழுபடும்.

2024 ஜூன் 20

டியூப் வெளியேறும் வழி. முகத்தின் நடுக்குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் வழியே டியூபை வெளியே எடுக்கிறோம். இந்தப் பள்ளத்தை ஒரே பக்கம் வெட்டினால், மயக்க இயந்திரம் மறுபக்கம் இருக்கும் தியேட்டரில் தலையணையைத் திருப்பி வைக்கிறார்கள். நெற்றிக்கு வெட்டிய இடத்தில் தாடை போய் உட்காருகிறது. அதனால் இரு பக்கமும் பள்ளம் வேண்டும். ஆனால் இரு பக்கமும் வெட்டினால் கன்ன எலும்பின் கீழே ஃபோம் பலவீனமாகி வெளிப்பக்கம் சாய்கிறது. பள்ளத்தின் அடியில் ஒரு பாலம் போல ஃபோமை விட்டுவைப்பதும், பள்ளத்தின் உள்முனையை வட்டமாக வெட்டுவதும் ஓரளவு உதவின. கூர்மூலையாக வெட்டினால் கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

குப்புறப் படுத்தவரின் உமிழ்நீர் கீழ்நோக்கி வழியும். டியூபைப் பிடித்திருக்கும் டேப் நனைந்து நெகிழும். ஃபோமும் உறிஞ்சி, ஈரமான ஃபோம் தாடையில் ஒட்டியிருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் அழுத்தத்தையும் உராய்வையும் குறைவாகவே தாங்கும். நடுக்குழி அடிவரை திறந்திருந்தால் உமிழ்நீர் கீழே விழுந்துவிடும். கண்ணையும் அடியிலிருந்து பார்க்கலாம். வெளிநாட்டுத் தயாரிப்பான புரோன்வியூ இதை நன்றாகத் தீர்த்திருக்கிறது: மீண்டும் பயன்படுத்தும் தாங்கிக்குள் ஒருமுறை ஃபோமை வைத்து, அடியில் கண்ணாடி பொருத்திக் கண்களையும் மூக்கையும் அறுவை முழுவதும் பார்க்க வழி செய்கிறார்கள். எளிய ஃபோம் கட்டியை வாங்கும் மருத்துவமனையும், அடியில் ஒரு சிறிய கண்ணாடியைச் செருகிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பார்க்க முடியாத கண்ணைப் பரிசோதித்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவதில் எவருக்கும் பயன் இல்லை.

2024 ஜூன் 22

'பயன்படுத்திய தலையணையைக் கழுவி, ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்சிங் கரைசலில்) முக்கி, காயவைத்து மறுபடி வைக்கிறோம், என்ன கெடுதல்?' என்று ஒருவர் வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. இது பல இடங்களில் நடக்கிறது.

இந்த ஃபோமின் கண்ணறைகள் திறந்தவை. இரத்தமும் உமிழ்நீரும் உள்ளே இறங்கினால், மேலே ஊற்றும் கிருமிநாசினி உள்ளிருக்கும் கரிமப் பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். நடுவில் என்ன மிஞ்சியது என்பதை அறிய வழியில்லை. ஹைப்போகுளோரைட் பாலியூரித்தேனையும் அரிக்கும்: நிறம் மாறும், துள்ளல் போகும், பிறகு விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி விழுவது டேப் ஒட்டி மூடிய கண்களின் பக்கத்தில். பிளாஸ்டிக் உறை போட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்றால், உறை இறுகிப் பிடித்து ஃபோமை முகத்தின் வளைவுக்கு இறங்கவிடாது. சுருக்கங்கள் தோலில் பதியும், வியர்வையும் தங்கும்.

மறுபயன்பாடு தேவை என்றால், அதற்கென்றே செய்த, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய ஜெல் தாங்கியை வாங்குவது சரியான வழி. அது கனமானது, குளிர்ந்திருக்கும், நடமாடும் எக்ஸ்ரேயில் நிழல் விழக்கூடும், விரிசல் விட்டால் அதுவும் கழிக்கப்பட வேண்டியது. ஃபோம் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய தெரியாது. கழுத்து எலும்பு அறுவைகளில் இது பெரிய வசதி.

கழிவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தமோ உடல் திரவமோ பட்ட படுக்கைப் பொருட்கள் மஞ்சள் பைக்குரியவை. பெரும்பாலும் அவை எரிப்பகத்துக்குப் போகும். பாலியூரித்தேன் அரைகுறையாக எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும் என்பதால், கொல்லைப்புறத்தில் குவித்துக் கொளுத்துவதைப் போன்ற தீங்கு வேறில்லை. ஒவ்வொரு தலையணையும் ஒருநாள் எரியப்போகிறது என்பதை நினைவில் வைத்துத்தான் தேவையற்ற ஓரங்களை வெட்டிக் கழித்துப் பருமனைக் குறைக்கிறேன்.

2024 ஜூன் 23

ஸ்பிரிட் பற்றிச் சேர்க்க விட்டுப்போனது. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் கழுத்தின் பின்புறம் பூசும்போது வழிந்து ஃபோமில் இறங்கினால், அது எளிதில் உலராது. ஊறிய ஃபோம் தோலை மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துபோகலாம். மின்சாரத்தால் திசுவை வெட்டும் மின்கத்தியின் பொறி பட்டால் தீயும் பிடிக்கலாம். பூசும் நேரத்தில் ஓரங்களில் உறிஞ்சு துணி வைத்து, நனைந்தால் அதை எடுத்துவிட்டு, முழுமையாக உலர்ந்த பிறகே போர்த்த வேண்டும். தலையணை நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும். அதனால் ஒரு மாற்று எப்போதும் அறையில் இருக்கட்டும். நிறம் ஏற்றிய ஃபோமாக இருந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்து நிறம் இறங்குகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடலாம்.

2024 ஜூன் 29

முழங்கைக்கும் இதே ஃபோமை வெட்டித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். வெட்டலாம். முழங்கையின் உள்பக்கத்தில் அல்நார் நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் இடையே மறைப்பின்றி ஓடுகிறது. மயக்கத்துக்குப் பின் வரும் நரம்புப் பாதிப்புகளில் அதன் பெயர் அடிக்கடி வரும். ஆனால் ஃபோமை இறுக்கிச் சுற்றிக் கட்டினால் அந்தக் கட்டே அழுத்தமாகிவிடும். மல்லாந்து படுத்தவரின் கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்கு மேல் விரிக்காமல் இருப்பதை எந்தத் தலையணையும் நமக்காகச் செய்யாது. பட்டை இல்லாத, கையை மேலிருந்து இறக்கி வைக்கும் திறந்த தொட்டில் வடிவம் போதும்.

2024 ஜூலை 4

சோதிப்பது எப்படி என்று கேட்டவருக்கு. அழுத்தம் அளக்கும் உணரித் தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது நான் செய்வது: கரும் சாம்பல் நிற ஃபோமில் மாதிரியை வெட்டி, முகத்தில் வெள்ளைப் பவுடரை அடர்த்தியாகப் பூசி, சம்மதித்த சகப் பணியாளரைத் தாங்கிகளின் மேல் குப்புறப் படுக்கவைத்து எழுப்பினால், எங்கே தொட்டது என்று ஃபோமே காட்டிவிடும். கண்குழியின் வெளி விளிம்பில் பவுடர் பதிந்திருந்தால் அந்த வரைவு தள்ளுபடி. பிறகு மேசையை இரு பக்கமும் சற்றுச் சாய்த்து மறுபடி பார்க்க வேண்டும். அறுவையின்போது மேசை சாயும், எலும்பில் தட்டும்போது தலை மெல்ல நகரும். அசையாமல் படுத்தபோது தப்பிய கண் நகர்ந்தபோது தப்புவதில்லை. ஆகவே கண்குழியை முகத்துக்குப் பொருந்துவதைவிடச் சற்று அகலமாகவே வெட்டுகிறேன். தாங்கும் பரப்பில் ஒரு பகுதியை இதற்காக இழக்கிறோம் என்று தெரிந்தே செய்கிறேன். முதல் நாள் எழுதிய 150 சதுர செ.மீ. பல முகங்களில் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

இந்தச் சோதனையில் அகப்படாத ஒன்று உண்டு. விழித்திருப்பவரின் முகத்தசைகளும் கழுத்துத் தசைகளும் தம்மை அறியாமலேயே பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவரின் தலை முழு எடையோடு இறங்கும். சக ஊழியரின் முகத்தில் நல்ல தடம் கிடைத்தது என்பதை முதல் கட்டத் தேர்ச்சியாக மட்டும் கொள்ள வேண்டும்.

2024 ஜூலை 5

வெட்டும் முறை பற்றி ஒரு வரி கேட்டிருந்தார்கள். சூட்டுக் கம்பியால் வெட்டினால் விளிம்பு உருகி மொறமொறப்பான தோல் போல ஆகிறது, புகையும் வருகிறது. அச்சுக்கத்தியால் அழுத்தி வெட்டினால் கனமான ஃபோமின் பக்கங்கள் உள்வாங்கிவிடுகின்றன. கணினி வழி ஓடும் அலகுக்கத்தியே இதற்கு ஏற்றது. எந்த முறையானாலும் வெட்டிய தூளை உறிஞ்சி எடுத்த பிறகே உறையில் இட வேண்டும்.

2024 ஜூலை 11

குழந்தைகளுக்கு இதே வடிவத்தைச் சிறிதாக்கினால் போதுமா என்று குழந்தைகள் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். போதாது. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. முகத்தில் நெற்றியின் பங்கு அதிகம், மூக்கும் தாடையும் சிறியவை, கன்னத்தில் எலும்பைவிடக் கொழுப்பு கூடுதல். பெரியவர்களின் வடிவத்தைச் சுருக்கினால் கண்குழி தவறான உயரத்தில் வந்து நிற்கும். பெரும்பாரத்தை நெற்றிக்குக் கொடுத்து, கன்னத்தில் அகலமாகவும் மென்மையாகவும் ஏந்தி, தாடைக்கு ஆதாரமே வைக்காத தனி வடிவம் வேண்டும். குழந்தையின் மூச்சுக்குழாய் நீளம் மிகக் குறைவு என்பதால் டியூப் அரை செ.மீ. நகர்ந்தாலும் இடம் மாறிவிடும். பள்ளத்தைத் தளர்வாக வெட்டினால் போதாது, டியூப் அசையாமல் அமரும் அளவுக்கு வெட்ட வேண்டும். வயதுவாரியாக ஒரே அளவு என்று விற்பதைவிட, நெற்றி மேட்டிலிருந்து தாடை வரையும், கண்களுக்கு இடையிலும் முந்தைய நாளே அளந்து தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த இரண்டு அளவுகளையும் பிரிவில் எடுத்து அனுப்பினால், முதல் மாதிரியை அவற்றுக்கு வெட்டித் தருகிறேன். நோயாளியிடம் வைப்பதற்கு முன் பயிற்சிப் பொம்மையில் டியூபோடு வைத்து, மேசையைச் சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.